பழைய பதிவுகள்

"கேமரா ரெக்கார்டருக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க் வேணும்ணே."

"எத்தனை கேமராம்மா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஒண்ணுதான்."

"ஒண்ணுக்கு எதுக்குப் பெருசு? நிறைஞ்சா பழசு மேலயே புதுசு பதிஞ்சுக்கும். கவலைப்படாதீங்க."

"கவலையே அதுதாண்ணே. பழசு ஒரு நாள்கூட அழியக் கூடாது."

ஏதோ திருட்டு வழக்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். "அப்போ கம்ப்யூட்டர் டிஸ்க் சரிப்படாது. ராப்பகலா ஓடுற கேமராவுக்குன்னே செஞ்சது இருக்கு. பழசு மொத்தத்தையும் அதுல ஏத்தித் தந்துடுறேன்."

மறுநாள் வீட்டுக்கே வந்து மாட்டினார். எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு பதிவை ஓட்டினார்.

கட்டிலில் மொட்டைத் தலையும் மூக்கில் குழாயுமாக ஓர் உருவம் அசையாமல் கிடந்தது. பக்கத்தில் ஒருவன் அதன் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டபடி ஆபீஸ் கதை பேசிக்கொண்டிருந்தான். வேறொரு நாளை ஓட்டினார். அன்றும் அவன் அப்படியே பேசிக்கொண்டிருந்தான்.

"பெத்த பிள்ளைகூட இப்படிப் பாக்காதும்மா. படுத்திருக்கிறது உங்க அப்பாவா?"

"நான்தாண்ணே. விபத்துல அடிபட்டு மாசக்கணக்கா நினைவில்லாம கிடந்தேன். அது என் வீட்டுக்காரர். ஆபீஸ்ல இருந்தே என்னைப் பாத்துக்கத்தான் இந்தக் கேமரா. அவர் பேசினது ஒண்ணும் அப்போ என் காதுல விழலை. இப்போ அவர் வேலைக்குப் போனதும் ஒவ்வொரு நாளா போட்டுக் கேக்குறேன்."

கடைக்காரருக்குத் திரையை நிறுத்தக் கை வரவில்லை.

திரையில் அவன் கட்டிலை நோக்கிக் குனிந்தான். "ஏம்மா, நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குதுங்க" என்றாள் அவள்.