பெரியப்பா செய்தது சரியா?

“பெரியப்பா செஞ்சதுதான் சரி!” என்றாள் சிஸ்டர், டிரைவரின் கையில் குத்திய ஊசிமேல் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டே.

“என்ன சரி? என்ன சரிங்கறேன்?” டிரைவர் படுத்த வாக்கிலேயே சீறினார். “புள்ளைங்க தூங்கற நேரம் பார்த்து, சொல்லாம கொள்ளாம வீட்டை விட்டுப் போனவன் பெரிய மனுஷனா?”

டயாலிசிஸ் வார்டு களைகட்டிவிட்டது.

பெரியப்பா அங்கே யாருக்கும் சொந்தக்காரர் இல்லை. டி.வி. சீரியலில் வருகிறவர். பெரிய குடும்பத்துத் தலைவர். தீராத வியாதி வந்ததும், தனக்கு வைத்தியம் பார்த்தே பிள்ளைகள் ஓய்ந்துவிடக் கூடாது என்று ஒருநாள் கிளம்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து வார்டில் இரண்டு கட்சி.

“தியாகம் சார் அது!” என்றார் பக்கத்துக் கட்டில் தையல்காரர்.

“தியாகமா? ஓடுகாலித்தனம்!” எதிர்க் கட்டில் டீச்சரம்மா விடவில்லை. “நேத்து சின்ன மருமக போட்டோவைக் காட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்ட் பஸ் ஸ்டாண்டா அலைஞ்சாளே, பார்த்தீங்களா?”

“பார்த்தேம்மா! ராத்திரி சோறு இறங்கல எனக்கு” என்றார் டிரைவர்.

“அலையட்டுமே” என்றாள் சிஸ்டர், மெஷினில் எதையோ திருகியபடி. “நாலு நாள் அழுவாங்க. அப்புறம் அவங்கவங்க பொழப்பைப் பார்ப்பாங்க. படுக்கையில கிடந்து பாரமா இருக்கறதுக்கு, போறதே மேல்.”

டிரைவர் எழுந்து உட்காரவே பார்த்தார்.

“கை! கையை ஆட்டாதீங்க சார்!”

“கை கிடக்கட்டும். பாரம்னு யார் சொன்னா? பெத்த பொண்ணு சொன்னாளா? மருமக சொன்னாளா? அவங்களை ஒரு வார்த்தை கேட்டானா இவன்? இவனா ஒரு முடிவு எடுப்பானாம், இவனே தியாகின்னு பட்டம் கட்டிக்குவானாம்! ஏறின ஜனத்தை நடு ரோட்டுல அம்போன்னு விட்டுட்டு டிரைவர் இறங்கிப் போனா அவனுக்குப் பேர் தியாகியா?”

காலமெல்லாம் பஸ் ஓட்டியவர்.

“நல்லா கேட்டீங்க சார்” என்றார் தையல்காரர். “நான் கட்சி மாறிட்டேன்!”

டீச்சரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்காமல் நின்றது ஒரே ஒருத்தி. வாசலில் அப்பாவின் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்ற டிரைவரின் மகள்.

“சிஸ்டர், கொஞ்சம் வெளியே வர்றீங்களா?”

வராந்தாவுக்கு வந்ததும் பொரிந்து தள்ளினாள்.

“நானும் வரும்போதெல்லாம் பார்க்கறேன். அப்பாகிட்ட மல்லுக்கட்டறதே உங்களுக்கு வேலையா? ஏற்கெனவே பிரஷர் உள்ளவர். அதுவும் என்ன பேச்சு அது! பாரமாம், போறதே மேலாம்! நோயாளிகிட்ட பேசற பேச்சா? டாக்டர்கிட்ட சொல்லத்தான் போறேன்.”

சிஸ்டருக்குக் கோபம் வரவில்லை.

“பிரஷரைப் பார்த்துக்கிட்டுதாம்மா சண்டையே போடறேன். கொஞ்சம் ஏறினாலும் நான் தோத்துப் போயிடுவேன்.”

“விளையாடாதீங்க.”

சிஸ்டர் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குரலைத் தணித்தாள்.

“சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். போன மாசம் உங்க அப்பா என்கிட்ட, ‘டயாலிசிஸை இதோட நிறுத்திக்கறேன் சிஸ்டர். எனக்காக லீவு போட்டு லீவு போட்டு என் பொண்ணுக்கு வேலையே போயிடும்போல இருக்கு. அவளுக்குத் தெரிய வேண்டாம்’னு சொன்னார்.”

மகள் கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

“நிறுத்தினா... என்ன ஆகும்னு அவருக்கு...”

“தெரிஞ்சுதாம்மா சொன்னார்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே சிஸ்டர்! அவர் பாரம்னு நான் என்னைக்காவது சொன்னேனா?”

“நான் கெஞ்சினேன். டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். ம்ஹூம். நாம கிழக்குன்னா அவர் மேற்குன்னு நிப்பார், இல்லையா?”

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள். வீட்டில் எல்லோரும் பட்டுத் தெரிந்துகொண்ட குணம் அது.

“அந்த வாரம்தான் சீரியல்ல பெரியப்பா கிளம்பிப் போனார். ‘அவர் செஞ்சதுதான் சரி’ன்னு சும்மா ஒரு வார்த்தை விட்டேன். பிலுபிலுன்னு பிடிச்சுக்கிட்டார் உங்க அப்பா! அன்னையிலேர்ந்து ஒரு தடவை தவறினதில்ல. என்னை ஜெயிக்கணுமே!”

சொல்லிவிட்டுச் சிஸ்டர் சிரித்தாள்.

“நிஜத்தைச் சொல்லட்டுமா? அந்தப் பெரியப்பா மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “என்ன சிஸ்டர்! பதில் சொல்ல முடியாம ஓடிட்டீங்களா?”

மகள் துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மூச்சை இழுத்துவிட்டு, நேராக அப்பாவின் கட்டிலருகே போய் நின்றாள்.

“அப்பா, யோசிச்சுப் பார்த்தா சிஸ்டர் சொல்றதுதான் எனக்கும் சரின்னு படுது. பெரியப்பா போனது நியாயம்தான்.”

“அடிப்பாவி! நீயுமா?”

டிரைவரின் முகம் சிவந்தது. ஊசி குத்தாத கையை நீட்டி, எங்கே ஓடிவிடப் போகிறாளோ என்பதுபோல் மகளின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“உங்களுக்குப் புரிய வைக்க இன்னைக்கு ஒரு நாள் பத்தாது. வெள்ளிக்கிழமையும் வருவேன்ல... அன்னைக்கு இருக்கு உங்க ரெண்டு பேருக்கும்!”