முதுகில் தேதி

சட்டையைக் கழற்று என்று லெனோரா கெஞ்ச ஆரம்பித்து இன்றோடு நான்கு நாள்.

ஆல்டன் கழற்றவில்லை. உடம்பு அனலாகக் கொதிக்க, ஆகஸ்ட் மாதத்தில், முழுக்கைச் சட்டையோடு கட்டிலில் குப்புறக் கிடந்தான். வலது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

மேய்ன் கடலோரத் தீவுகளில் கோடைக் காய்ச்சலுக்கு யாரும் பெயர் கேட்பதில்லை. மான் உண்ணி கடித்திருக்கும், லைம் நோய் வந்திருக்கும், அவ்வளவுதான். அதனால் கோடை பிறந்துவிட்டால் புருஷனும் பெண்டாட்டியும் குளிக்கப் போகுமுன் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துவிடுவார்கள். சண்டை போட்டு மாதக்கணக்கில் பேசாத ஜோடிகூட முதுகை மட்டும் காட்டிவிடும்.

ஆல்டன் இரண்டு வாரமாகக் காட்டவில்லை. கதவைத் தாழிட்டுக் குளித்தான்.

“நான் சிங்கி இறால் பிடிக்கிறவன், லென். கடல்ல ஏது உண்ணி? சாதாச் சளிக் காய்ச்சல். இதுக்குப் போய் டாக்டர்கிட்ட நின்னா தீவே சிரிக்கும்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அப்பாவும் உண்ணி கடித்தபோது இப்படித்தான் பேசினார். மூன்று வாரம் மாத்திரை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும், போடவில்லை. முதலில் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பிறகு முழங்கால் போனது. கடைசியில் இதயம் தடுமாறியது. மூன்று வருஷம் லெனோராதான் ஊட்டினாள், வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள்.

இன்னொரு முறை அதைச் செய்ய அவளுக்குத் தெம்பில்லை. மறுகரை மருத்துவமனைக்குப் போன் செய்து நேரம் வாங்கிவிட்டாள். தபால் படகு இரண்டு மணிக்கு. வாசலில் பை தயார். வரமாட்டேன் என்றால் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவதென்று இருந்தாள்.

ஒன்றரை மணிக்கு அவன் கண் அசந்தான். லெனோரா மெல்லச் சட்டையைத் தூக்கினாள்.

இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, சொந்தக் கை எட்டாத இடத்தில், தட்டு அகலத்துக்குச் சிவப்பு. அவள் பயந்தது சரிதான்.

சிவப்புக்குள் பேனாவால் போட்ட வட்டங்கள் இரண்டு இருந்தன. தடிப்பு பரவுகிறதா என்று பார்க்க இப்படித்தான் வட்டம் போட்டுத் தேதி எழுதி வைப்பார்கள். தீவில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். தன் முதுகில் தானே போட முடியாது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

உள்வட்டம் மங்கியிருந்தது. பக்கத்தில் ஜூலை 27. அன்று லெனோரா பல் பிடுங்க மறுகரைக்குப் போயிருந்தாள்.

வெளிவட்டம் இன்னும் கறுப்பாக இருந்தது. ஆகஸ்ட் 7, போன ஞாயிறு. அன்று காலை அவள் சர்ச்சில் பாடிக்கொண்டிருந்தாள்.

இரண்டு ஏழுக்கும் இடுப்பில் ஒரு சின்னக் குறுக்குக்கோடு.

தீவில் அப்படி ஏழு போடுகிறவள் ஒருத்திதான். காட்டோரத்து வீட்டில் தனியாக இருக்கும் டார்லீன். பல் பிடுங்கினவளுக்கு இதமாக இருக்கட்டும் என்று அவள் கொடுத்தனுப்பிய புளூபெரி ஜாம் அடுக்களை அலமாரியில் இருக்கிறது. மூடியில் தேதி. அதே பேனா, அதே ஏழு.

இருபத்தாறு வருஷமாக இந்த முதுகை அங்குலம் அங்குலமாகப் பார்த்தவள் லெனோரா. கத்தினால் தீவே கூடும்.

ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும் எடுத்து வந்தாள். அழுத்தாமல், கைக்குழந்தையைத் துடைப்பது போலத் துடைத்தாள். மசி போய்விட்டது. சிவப்பு மட்டும் வெளிவட்டம் இருந்த இடத்தைத் தாண்டி இரண்டு விரற்கடை போயிருந்தது.

ஆல்டன் திடுக்கிட்டு விழித்தான்.

“என்ன பண்றே?”

“ஸ்பிரிட் தடவுறேன். சூடு இறங்கும். பேசாம படு.”

“முதுகுல… ஏதாச்சும் இருக்கா?”

லெனோரா இன்னொரு முறை நன்றாகப் பார்த்தாள்.

“வேர்க்குருகூட இல்ல.”

அவன் நீளமாக மூச்சு விட்டான். எல்லாம் தானாகவே அழிந்துவிட்டது என்று நினைத்திருப்பான். பயம் விட்டதும் வலி தெரிந்திருக்க வேண்டும், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். துறையில் தபால் படகு முதல் சங்கு ஊதியது.

“சரி லென், நீ சொல்றதுதான் சரி. என்னால தாங்க முடியல. கிளம்பு, டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்.”

“எதுக்கு? உடம்புல ஒரு கடி இல்ல, தடிப்பு இல்ல. சளிக் காய்ச்சலுக்குப் போய் நின்னா தீவே சிரிக்கும்னு நீதானே சொன்னே?”

ஆல்டன் வாயைத் திறந்தான். கடி இருக்கிறது என்று சொன்னால், அதைப் பார்த்துச் சொன்னது யார் என்றும் சொல்ல வேண்டும். தலையணையில் சாய்ந்துகொண்டான்.

லெனோரா மறுகரைக்குப் போன் செய்து, அவருக்குத் தேவலை, வரவில்லை என்று சொன்னாள். படகு இரண்டாம் சங்கும் ஊதிவிட்டுப் போனது.

பிறகு ரொட்டியை வாட்டினாள். அந்த ஜாமைத் தாராளமாகத் தடவி எடுத்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள். அவனும் சின்னப் பிள்ளை மாதிரி வாங்கிக்கொண்டான். உன்னை மாதிரி யார் பார்த்துக்குவா என்று கண் கலங்கினான்.

அவன் உதட்டோரம் ஜாம் ஒட்டியிருந்தது. அப்பாவுக்குத் துடைத்த மாதிரியே கட்டைவிரலால் துடைத்துவிட்டு, முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

வாய் இன்னும் கோணவில்லை.