முன் சக்கரத்து பிரேக்

மகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு காலேஜுக்குக் கிளம்பிய பிறகுதான் அம்மா அதைப் பார்த்தாள்.

சைக்கிள் நின்ற இடத்தில் சொட்டுச் சொட்டாக எண்ணெய். பக்கத்தில் கறை படிந்த துணி. குழாயடியில் கொழுந்தன் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் காலடியில் ஒரு சிரிஞ்சு, அதன் முனையில் மெல்லிய டியூப்.

அவள் குழாயடிக்கு விரைந்தாள்.

வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து மாடிக்கும் கீழுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. "நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று வாசலில் நின்று கத்தியவன் இவன்.

"பாப்பா சைக்கிள்ல என்ன பண்ணீங்க?"

அவன் நிமிரவில்லை. "அண்ணனையே கேளுங்க அண்ணி."

"டிஸ்க் பிரேக்குல கை வச்சீங்களா?"

"வச்சேன்."

சிரிஞ்சை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று மாடியேறிவிட்டான்.

அந்த பிரேக்குக்குக் கம்பி கிடையாது, எண்ணெய்தான் எல்லாம். ஒரு குமிழி காற்று புகுந்தாலே பிடி தளர்ந்துவிடும் என்று சொல்லிக்கொண்டுதான் நேற்று அவள் கணவர் அதைக் கழற்ற உட்கார்ந்தார்.

தெருமுனையில் ஆரம்பிக்கிற இறக்கம் நேராக மெயின் ரோட்டில் போய் முடியும்.

செருப்புகூடப் போடாமல் ஓடினாள். ஓடிக்கொண்டே மகளுக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

இறக்கத்தின் அடியில் கூட்டம். நடுரோட்டில் கோணலாக ஒரு லாரி.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நுழைந்தாள். "ஐயோ, என் பொண்ணு... வழி விடுங்க!"

லாரிக்கு ஒரு முழம் முன்னால், சைக்கிளை இறுகப் பிடித்தபடி மகள் நின்றிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"திடீர்னு குறுக்க வந்துட்டான்மா. பிரேக்கைப் பிடிச்சேன், அப்படியே நின்னுடுச்சு. அப்பா நேத்து ஆயில் மாத்தினாரில்ல, சும்மா கல்லு மாதிரி பிடிக்குது!"

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ பிழைச்சதே பெருசுடி. அந்தப் பாவி, உன் சித்தப்பன், காலையில இந்த பிரேக்குல கை வச்சிருக்கான். அவனை இன்னைக்கே போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கலேன்னா பாரு!"

கையிலிருந்த போன் அலறியது. வெளியூர் டூட்டிக்குப் போயிருந்த கணவர்.

"பாப்பா கிளம்பிட்டாளா? அவளை சைக்கிளைத் தொட விடாதே! நேத்து பழைய ஆயிலை வடிச்சுட்டு இருக்கும்போதே டூட்டிக்குக் கூப்பிட்டுட்டாங்க. புதுசை ஏத்தாமலே வந்துட்டேன்!"