பக்கத்து வீட்டு ரிசீவர்

உங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கப் போகிறேன். ஆனால் உடனே இல்லை. முதலில் ஒயர்களை மாட்ட வேண்டும்.

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு சிவராமன் அங்கிள். பொங்கல் கழிந்து ஏதோ பிரஷர் என்று ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து யாரிடமும் வாயே திறப்பதில்லை. எதிரே பார்த்தால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் போன வாரம் ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கினார். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டு டம்ளரெல்லாம் தானாக ஆடுகிறது.

"பேசறதுக்குத்தான் அந்த மனுஷனுக்கு வாய் வலிக்குது. பாட்டு மட்டும் ஊருக்கே கேக்கணும்!" என்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழமை சென்னீர்குப்பத்துலேர்ந்து அவர் மக சௌம்யாவைப் பொண்ணு பாக்க வர்றாங்கல்ல, அந்தப் பகட்டு."

ரிசீவரை மாட்டிக் கொடுத்தது நான்தான். செட்டாப் பாக்ஸ், பழைய டிவிடி பிளேயர், சௌம்யா அக்காவின் லேப்டாப், அங்கிளின் மனைவி கஸ்தூரி ஆன்ட்டியின் போன் எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் போகும். அங்கிருந்து டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் பிரியும்.

"ஒண்ணு மக்கர் பண்ணா இன்னொண்ணு பாடணும் ரோஹித். ஞாயித்துக்கிழமை வரைக்கும் சத்தம் மட்டும் நிக்கவே கூடாதுப்பா," என்றார் ஆன்ட்டி. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் ஈரமே இல்லை.

ரிசீவரை ஆட்டிவைக்கும் ஆப் என் போனிலும் இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. அவர்கள் வீட்டு வைஃபை எங்கள் பால்கனி வரை வரும்.

அதற்குள் சிரிக்காதீர்கள். இன்னும் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை, சீரியலில் மாமியார் ஒப்பாரியை ஆரம்பித்த நேரம் பார்த்து பால்கனியிலிருந்தே ரிசீவரை லேப்டாப்புக்கு மாற்றினேன். லேப்டாப் தூங்கிக்கொண்டிருந்தது. கப்சிப். மறு நொடி எங்கள் கதவு அதிர்ந்தது.

"நின்னுடுச்சுடா! சீக்கிரம் வா!"

நான் நுழைந்ததும் ஆன்ட்டி உள்ரூம் கதவை அவசரமாகச் சாத்தினார். நான் டாக்டர் மாதிரி ஒவ்வொரு ஒயரையும் நாடி பிடித்துப் பார்த்தேன். உதட்டைப் பிதுக்கினேன். பெட்டிக்குப் பின்னால் குனிந்து, யாருக்கும் தெரியாமல் போனைத் தட்டினேன். மாமியார் விட்ட இடத்திலிருந்து அழுதாள். ஆன்ட்டிக்கு உயிர் வந்தது.

புதன்கிழமையும் அதே கூத்து. வியாழக்கிழமை ஆன்ட்டியின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நாள் நெருங்குதேடா... என்னடா பண்ணுவேன்?"

எனக்கே பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா?

"சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுங்க ஆன்ட்டி," என்று ஒரு நம்பரைக் கொடுத்தேன். அது என் நண்பன் பரத்தின் நம்பர்.

என் தொண்டைக்குள் ஊரே குடியிருக்கிறது. அண்ணனூர் ஸ்டேஷன் அறிவிப்பிலிருந்து கெமிஸ்ட்ரி சாரின் தும்மல் வரை எது கேட்டாலும் வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், பரத்தோடு எங்கள் பால்கனியில் உட்கார்ந்து சத்தத்தை மொத்தமாக அணைத்தேன்.

"மாட்டிக்கினா உன்னோட சேத்து என் தோலையும் உரிப்பாங்க மச்சான்," என்று பரத் நடுங்கிக்கொண்டிருக்கும்போதே அவன் போன் அடித்தது.

நான் அதை வாங்கி மூக்கால் பேசினேன். "வணக்கம் மேடம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். சர்வீஸ் சென்டரிலிருந்து ராகவன் பேசுகிறேன்."

பரத் துண்டை வாயில் திணித்துக்கொண்டான்.

"சார், மறுபடியும் நின்னுடுச்சு சார்," என்றார் ஆன்ட்டி. "எதை மாத்தினாலும் சத்தம் வரல சார்."

"படம் தெரிகிறதா மேடம்?"

"தெரியுது சார்."

"அப்புறம் சத்தம் எதற்கு மேடம்? வீட்டுக்காரரோடு நாலு வார்த்தை பேசிக்கொண்டிருங்கள்!"

பரத் தரையில் உருண்டான்.

ஆன்ட்டி மெதுவாக ஆரம்பித்தார்.

"சார், நீங்க யாரோ எவரோ. உங்ககிட்டச் சொன்னா தப்பில்ல. அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சே போச்சு சார். இப்பத்தான் ஒவ்வொரு எழுத்தா வருது. மாப்பிள்ளை வீட்டாரை 'வாங்க, உக்காருங்க'ன்னு தானேதான் கூப்பிடணும்னு வைராக்கியமா இருக்காரு. டாக்டர் வாய்விட்டு உரக்கச் சொல்லிப் பழகச் சொன்னாரு. ரிசீவர் ஓடினாத்தான் பழகறாரு. நின்னா வாயை மூடிக்கிறாரு. இன்னிக்கு அழுதுட்டாரு சார்."

பரத் எழுந்து உட்கார்ந்தான்.

"வீட்டுக்குள்ளே பழகுவதற்கு எதற்கு மேடம்..." ராகவனின் குரல் எனக்குச் சரியாக வரவில்லை.

"பக்கத்து வீட்டுல ஒரு பையன் இருக்கான் சார். நல்ல பையன்தான். ஆனா யார் எப்படிப் பேசினாலும் அச்சு அசலா பேசிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வெச்சிடுவான். இவர் குழறறது அவன் காதுல விழுந்துடக் கூடாதுன்னுதான் இந்த ரிசீவரையே வாங்கினோம்."

என் விரல் ஆப்பைத் தட்டியது. அடுத்த வீட்டில் மாமியார் ஓவென்று கத்தினாள்.

"வந்துடுச்சு சார்! நீங்க நல்லா இருக்க..."

ஆன்ட்டி சட்டென்று நிறுத்தினார்.

"சார், எங்க டிவி சத்தம் உங்க பக்கமும் கேக்குதே?"

நான் போனைக் கையால் பொத்தினேன்.

"...ரோஹித்து?"