மாப்பிள்ளையின் துடிப்பு

இப்போதெல்லாம் பெண் பார்க்க ஜாதகம் கொண்டுவருவதில்லை. மாப்பிள்ளையின் மார்பில் ஒரு வில்லையை ஒட்டிவிடுகிறார்கள். பெண்ணைக் கண்டதும் இதயம் எவ்வளவு துள்ளுகிறதென்று கூடத்துத் திரையில் எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம். நூற்றைத் தாண்டினால் சம்பந்தம் உறுதி.

நாச்சியார் கேசரித் தட்டோடு வந்து நின்றபோது செண்பகராமனின் எண் நூற்று நாற்பத்தெட்டில் இருந்தது.

"பாத்தியளா! எம்மவன் சொக்கிப்போயிட்டான்" என்று அவன் அம்மா கோமு பூரித்துப்போனாள். நாச்சியாரின் அப்பா வெற்றிலைத் தட்டைத் தேடி ஓடினார்.

நாச்சியார் மட்டும் எண்ணுக்குக் கீழே ஓடிய கோட்டைப் பார்த்தாள். இதய ஆஸ்பத்திரியில் ஆறு வருஷமாக அந்தக் கோட்டைப் படிப்பதுதான் அவள் வேலை.

"அத்தை, இது ஆசையில்ல. ஆசைன்னா வேகமா அடிச்சாலும் ஒரே சீரா அடிக்கும். இவுகளுக்கு இதயத்தோட மேலறை தாறுமாறாத் துடிக்கு. அங்க ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனா பக்கவாதம் வந்துரும். காரை எடுங்க."

இரண்டு வீட்டாரும் பட்டும் ஜரிகையுமாக ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்தார்கள்.

நான்காம் நாள் நாச்சியார் அவனைப் பார்க்க வந்தாள். கட்டிலுக்கு மேலிருந்த திரை எழுபது காட்டியது. அவள் பக்கத்தில் வந்து நின்ற பிறகும் எழுபதுதான். கோமு தலையில் கைவைத்துக்கொண்டாள். செண்பகராமனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"மாத்திரை போட்டிருக்கேன், அதான் ஏறமாட்டேங்கு. ஆனா நெசமாவே உங்களப் பிடிச்சிருக்கு. நான் வாயாலதான் சொல்லணும், வேற வழியில்ல."

எந்தப் பெண்ணிடமும் எவனும் வாயால் சொல்லி வெகுகாலமாகியிருந்தது. நாச்சியாருக்குக் காதுவரை சிவந்தது.

"சரியாக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.