ராஜாவுக்கு முன்னால் நின்றவன்

சதுரங்கப் பலகையில் ஒரு வெள்ளை ராஜா இருந்தார். ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே யானையின் பக்கமாக மூலை பார்த்து ஒதுங்கிக்கொண்டார். அவருக்கு நேர் முன்னால் ஒரு சிப்பாய் நின்றான். எந்நேரமும் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பது ராஜாவுக்கு எரிச்சலாக இருந்தது.

“சும்மாதானே நிக்கிற? ரெண்டு கட்டம் முன்னால போ,” என்றார்.

“நான் இங்கயே நின்னா உங்களுக்கு நல்லது, ராஜா.”

“இத்தனை நேரம் நின்னு என்னத்தக் கிழிச்சே?”

சிப்பாய் இரண்டு கட்டம் முன்னால் போய்விட்டான். ராஜாவுக்கு நல்ல காற்று வந்தது. பலகை முழுக்கத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில், அவன் விட்டுப்போன இடம் வழியாகக் கறுப்பு ராணியும் வந்தாள்.

“டேய், திரும்பி வந்துடுடா,” என்று ராஜா கெஞ்சினார்.

“எங்களுக்குப் பின்னால நடக்க வராது, ராஜா. அதான் அப்பவே தயங்கினேன்,” என்றான் அவன். திரும்பிப் பார்க்கக்கூட அவனால் முடியவில்லை.

ராஜா தோற்றார். ஆட்டம் முடிந்ததும் எல்லாரையும் ஒரே பெட்டியில் போட்டார்கள். அந்தச் சிப்பாயிடம் இரண்டு வார்த்தை பேசினால்தான் மனசு ஆறும் என்று ராஜாவுக்குத் தோன்றியது.

“நான் போகச் சொன்னது உங்கள்ல யாரப்பா?” என்று வெள்ளைச் சிப்பாய்களைக் கேட்டார்.

“நாங்க எட்டுப் பேருமே நீங்க சொல்லிப் போனவங்கதான், ராஜா,” என்றது ஒரு குரல்.

எட்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்ததோ ஒரு முதுகுதான்.