கட்டாவில் இல்லாத கை

"மாஸ்டர் வாயில ரத்தம்ணா. என் முழங்கை பட்டுத்தான். அப்படியே ஓடி வந்துட்டேன்."

வெள்ளைக் கராத்தே உடுப்பும் பழுப்பு பெல்ட்டுமாக, காலில் செருப்புகூட இல்லாமல் மாடி அறைக்குள் வந்து நின்றாள் தங்கை. பட்டன் தைத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டு, அண்ணன் முதல் வேலையாகக் கதவைச் சாத்தினான். கீழே கடையில் அப்பாவின் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மெதுவாப் பேசு. யார்கூட சண்டை போட்ட?"

"சண்டை எல்லாம் இல்லண்ணா. கட்டா செஞ்சேன்."

"கட்டான்னா நீ கண்ணாடி முன்னாடி தனியா நின்னு காத்தோட சண்டை போடுவியே, அதுதானே? அதுல எப்படி அவர் வாய் உடையும்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பெல்ட் பரீட்சைக்கு முன்னாடி ஒரு தடவை செஞ்சு காட்டச் சொன்னாரு. திரும்புற இடத்துல நான் எப்பவும் கூடுதலா ஒண்ணு செய்வேன். வலது முழங்கை தலைக்கு மேல போகும், இடது கை பின்னால போகும். கட்டாவுல அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. பசங்க எல்லாம் 'கொசு அடி'ன்னு பேர் வச்சு ஓட்டுவாங்க. மாஸ்டர் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டாரு. என்னால அதை விட முடியல."

"சரி. இன்னிக்கு என்ன ஆச்சு?"

"இன்னிக்கு அவர் கோபப்படல. 'கட்டாவுல ஒவ்வொரு அசைவும் ஒரு அடிக்குப் பதில். பதில் இருந்தா, அடிச்சவன்னு ஒருத்தன் இருக்கணும். உன்னை அடிக்க வர்றவன் யாருன்னு பாத்துடுவோம், வா'ன்னாரு. நேரா குத்திப் பாத்தாரு, பொருந்தல. சட்டையப் பிடிச்சாரு, பின்னால வந்து முடியப் பிடிச்சாரு, எதுவும் பொருந்தல. பசங்க ஒரே சிரிப்பு. கடைசியா மூலையில கிடந்த குச்சிய எடுத்தாரு."

மெஷின் சத்தத்துக்குக் காது கொடுப்பதுபோல் அண்ணன் தலையைச் சாய்த்தான்.

"எந்தக் கையில எடுத்தாரு?"

"முதல்ல வலது கையில. எனக்கு ஒண்ணும் ஆகல. அப்புறம் சும்மா இடது கைக்கு மாத்தி ஓங்கினாரு. அவ்வளவுதான்ணா. முழங்கை தானா போயிடுச்சு. கண்ணத் திறந்தா, அவர் வாயப் பொத்திட்டு நிக்கிறாரு. ஒருத்தனும் சிரிக்கல."

"திட்டினாரா?"

"திட்டியிருந்தாக்கூட பரவால்ல. பக்கத்துல உக்காந்து, 'வீட்டுல இடது கைக்காரங்க யாராவது இருக்காங்களாம்மா'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"அப்பான்னு சொன்னேன். கத்தரிக்கோல்கூட இடது கைக்குன்னு அலைஞ்சு தேடி வாங்குவாருன்னு சொன்னேன். ஏன்ணா, சொல்லக் கூடாதா? கடை மூடுறதுக்குள்ள வந்து அப்பாவப் பாக்குறேன்னாரு. அதான் பயந்து ஓடி வந்தேன். வாய உடைச்சேன்னு தெரிஞ்சா அப்பா கிளாஸுக்கே அனுப்ப மாட்டாரு. நீ கொஞ்சம் முன்னாடியே சொல்லி வையேன்."

அண்ணன் எழுந்து போய்த் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான்.

"வேற என்ன கேட்டாரு?"

"அப்பா அடிப்பாரான்னு கேட்டாரு. விரல்கூட மேல பட்டதில்லன்னேன். அம்மா எங்கள விட்டுட்டு ஓடிப் போனதுக்கப்புறம் எங்களுக்கு எல்லாமே அப்பாதான்னு சொன்னேன். உண்மைதானே?"

அவன் கீழே கிடந்த சட்டையை எடுத்து மடித்தான்.

"இன்னொண்ணும் சொன்னாரு, அதுதான் புரியல. கட்டாவுல இடுப்புக்கு வர்ற கை சும்மா வராதாம். எதிராளி கையப் பிடிச்சு முறுக்கி இழுத்துட்டு வருமாம். அதான் மூடியிருக்குமாம். 'உன் கை மட்டும் ஏன் விரிஞ்சு பின்னால போகுது, பின்னால யாரு இருக்கா'ன்னாரு. யாரு இருப்பா? சுவருதான் இருக்கு."

எழுந்து நின்று செய்து காட்டினாள். வலது முழங்கை உயர்ந்து தலையை மறைத்தது. இடது உள்ளங்கை விரிந்து, தொடைக்குப் பின்னால் போய் அப்படியே நின்றது.

அண்ணன் அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கினான்.

"கடைச் சுவத்துல மர அளவுகோல் ஒண்ணு மாட்டியிருக்கும்ல? அதை அப்பா கையில எடுத்தா, அம்மா இப்படித்தான் நிப்பாங்க. அடிய முழங்கையில வாங்கிப்பாங்க. இந்தக் கையால உன்னைப் பின்னால தள்ளிப்பாங்க. உனக்கு அப்போ மூணு வயசு. பின்னால இருந்தது நீதான் குட்டி."

அவள் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு அடுத்தது என்னன்னு மாஸ்டர் கேட்டாரு. எவ்வளவு யோசிச்சும் எனக்கு வரல."

"வராது. அதுக்கு மேல நீ பாக்கல. நான் உன் கண்ணைப் பொத்திட்டேன்."

"நீ பாத்தியா?"

"பயத்துல நானும் மூடிக்கிட்டேன். திறந்தப்போ அம்மா இல்ல. அப்பா தரையக் கழுவிட்டு இருந்தாரு. 'உங்கம்மா ஓடிப் போயிட்டா'ன்னாரு."

கீழே மெஷின் நின்றது. யாரோ படியேறி வந்தார்கள்.

"அண்ணா," என்றாள் கிசுகிசுப்பாக. "கண்ணைத்தானே மூடியிருந்த, காதை இல்லையே? அம்மா போனப்போ வாசக் கதவு திறக்குற சத்தம் கேட்டுச்சா?"